மூன்று மாத லீவு

"என் வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியாம இருந்த நேரம். கம்பெனியே என்னைக் கூப்பிட்டு, 'மூணு மாசம் லீவு, முழு சம்பளத்தோட. நீங்க போய் அவர் பக்கத்துல இருங்க'ன்னு சொன்னாங்க."

மார்க்கெட்டிங் மேனேஜர் கேமராவைப் பார்த்து இப்படிச் சொன்னதும், விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற டிசைனருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பச்சைப் பொய்.

கம்பெனி வெப்சைட்டில் போடுவதற்கான வீடியோ அது. 'என் ஆபீஸ், என் குடும்பம்' என்று தலைப்பு. ஊரெல்லாம் போன் போட்டு ஆள் பிடிக்கும் வேலையில் சேர்ந்து, பதினாலு வருஷத்தில் மேனேஜர் நாற்காலிக்கு வந்தவள். அவளை விட்டால் வேறு யார் பேசுவது? என்ன பேசுவது என்பதையும் அவளே எழுதிக்கொண்டாள்.

"அந்த மூணு மாசம் எப்படிப் போச்சு மேடம்?" என்று கேட்டாள் எச்.ஆர். பெண்.

"நகம் வெட்டி விட்டேன். பேப்பர் படிச்சுக் காட்டினேன். நடுவுல சண்டை கூடப் போட்டோம். கடைசி நிமிஷத்துல அவர் கை என் கையிலதான் இருந்தது."

எச்.ஆர். பெண் அழுதே விட்டாள்.

டிசைனர் அழவில்லை. கடைசி நிமிஷத்தில் அந்தக் கை இருந்தது அவன் கையில்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மேனேஜர் மூன்று தடவை லீவு எழுதிக் கொடுத்தாள். மூன்று தடவையும் 'வேலை நெருக்கடியை முன்னிட்டு இயலாது' என்று திரும்பி வந்தது. புதுச் சரக்கை அறிமுகப்படுத்தும் மேடையில் அவள் மைக்கைப் பிடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, தனக்கே காய்ச்சல் என்று ஆபீசுக்குப் பொய் சொல்லிவிட்டு அவளுக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் அவள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, அவளிடம் வேலை பார்க்கும் இந்த டிசைனர்தான். அவள் மேடையை விட்டு இறங்கிப் பையைத் திறந்தபோது போனில் பதினேழு மிஸ்டு கால். எல்லாம் அவன் அடித்தது.

வீடியோவைப் பார்த்து எம்.டி. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாம இவ்வளவு செஞ்சிருக்கோமா? எனக்கே மறந்து போச்சு."

"அப்ப நான் இங்க இல்ல சார். ஆனா கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் எச்.ஆர். தலைவர். கூசாமல்தான் சொன்னார்.

அன்று சாயங்காலமே வீடியோ வெப்சைட்டில் ஏறியது. 'எங்களுக்குக் குடும்பம்தான் முதலில்' என்று எம்.டி. தன் கையெழுத்தோடு நாலு வரி வேறு சேர்த்திருந்தார்.

கேன்டீனில் ஆளாளுக்கு வாய் திறந்தார்கள்.

"அடுத்த புரமோஷனுக்கு அடி போடறாங்க."

"புருஷன் செத்ததைக் கூட விட்டு வைக்கலையே."

டிசைனர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். நாலு நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே ஓட்டினான். ஐந்தாவது நாள் பொறுக்க முடியாமல் அவள் அறைக்குள் நுழைந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவர் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தார். உங்களுக்கு எப்படிக்கா மனசு வந்தது? வித்துட்டீங்களே."

மேனேஜர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமா. வித்துட்டேன். கதவைச் சாத்திட்டு உக்காரு."

அவன் கதவைச் சாத்தினான். உட்காரவில்லை.

"கஸ்டமர் கேர்ல ஒரு பொண்ணு இருக்காளே, யார் திட்டினாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லுவாளே, அவளைத் தெரியுமா?"

"தெரியும். அவளுக்கென்ன?"

"அவ பையனுக்கு ஆறு வயசு. பிளட் கேன்சர். இனிமே மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் கை விரிச்சுட்டார். மிஞ்சிப் போனா மூணு மாசமாம். அவளும் லீவு எழுதிக் கொடுத்தா. வேலை நெருக்கடியை முன்னிட்டு இயலாதாம். எனக்கு வந்த அதே வார்த்தை. ஒரு எழுத்து மாத்தல."

"நீங்க எம்.டி.கிட்ட பேசியிருக்கலாமே?"

"பேசாம இருப்பேனா? ரெண்டு தடவை போனேன். ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க, நம்ம கம்பெனியில அப்படி ஒரு வழக்கமே கிடையாதுன்னுட்டார்."

டிசைனர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"பதினாலு வருஷமா இந்த வேலையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்டா. விளம்பரத்துல ஒண்ணைக் கொடுக்கறோம்னு சொல்லிட்டா, அப்புறம் கொடுத்துத்தான் ஆகணும். ஊரே பார்த்தாச்சு. மறுநாளே அவளைத் திரும்ப எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கூடவே அந்த வீடியோவையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன்."

அவன் நாற்காலியை மேஜைப் பக்கம் நகர்த்தினான்.

"அப்போ அந்த நகம் வெட்டினது, பேப்பர் படிச்சது எல்லாம்..."

"அதுல ஒரு வார்த்தை கூட யோசிச்சு எழுதலடா. நாலு வருஷமா ராத்திரி கண்ணை மூடினா அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜை மேல் இருந்த ஒரு தாளை அவன் பக்கம் தள்ளினாள். கஸ்டமர் கேர் பெண்ணின் லீவு லெட்டர். அன்று காலையில் லீவில் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு நகலை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

லெட்டரின் அடியில் எம்.டி. தன் கைப்பட எழுதியிருந்தார்:

'மூன்று மாதம், முழுச் சம்பளத்துடன். நம் நிறுவனத்தின் வழக்கப்படி.'