சொந்த வண்டி

“தவணையில எடுத்துக்க முத்திருளா. கடைசித் தவணை கட்டிட்டா லாரி உனக்கே சொந்தம்,” என்றார் முதலாளி சோணை.

“நடுவுல தவறிட்டா?”

“கட்டுனதெல்லாம் வாடகையாப் போயிரும். வண்டிய விட்டு இறங்கிற வேண்டியதுதான்.”

“இத முந்தி ஓட்டுன ஞானசீலன் அண்ணன் கட்டி முடிக்கலையா?”

“ஒரே ஒரு தவணை பாக்கி. அதுக்குள்ள செத்துப்போனான்.”

முத்திருளன் யோசித்தான். கூலிக்கு ஓட்டினால் டயர் வெடித்தாலும் முதலாளி பாடு. ஆனால் ஆயுசுக்கும் கூலிதான். துணிந்து சாவியை வாங்கினான்.

பருத்தி ஏற்றுமுன் வெறும் வண்டியை எடை போட, திருமங்கலம் எடைமேடையில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

எடை போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். “டிரைவரையும் இறங்கச் சொல்லுப்பா.”

“நாந்தாண்ணே டிரைவர்.”

“அப்ப, கழுத்துல சிலுவையோட ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு இறங்க மாட்டேங்கிறாரே, அவரு யாரு?”