அம்மை பேசின கேசட்

மாலை வெயில் ஜன்னல் கம்பி நிழலோடு டேப்ரிக்கார்டர் மேல் சாய்ந்து கிடக்கிறது. அம்மையின் முதல் வருஷத் திதிக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த இசக்கித்தாய், அவள் குரலைக் கேட்க ஈரக்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். டேப்புக்குள்ளிருந்து எத்தியோப்பியக் கிழவர் ஒருவர் கோண்டார் வட்டார அம்ஹாரிக்கில் இருமுகிறார். அம்ஹாரிக், ஜூலு என்ற ஆப்பிரிக்க மொழிகளின் வட்டார வழக்குகளை ஒப்பிட்டு முனைவர் பட்டம் வாங்கவிருக்கும் தம்பி மாரிராஜ், பதிந்தது அழியாதிருக்க உடைத்துவைத்த கேசட் மூலைத் துளையில், பழைய பாட்டுதானே என்று காகிதம் திணித்து அதன்மேல் இவர் பேச்சைப் பதிந்துவிட்டான். "ஏலே, அம்மை எங்கலே?" "அழிச்சிட்டேன்க்கா. தெரியாமப் பண்ணிட்டேன்." அவள் அழவில்லை, கிழவர் பேச்சினிடையே அம்மை எப்படியும் நுழைந்துவிடுவாள் என்பதுபோல் காதை இன்னும் நெருக்கி வைக்கிறாள். டேப் 'டக்'கென்று நிற்கிறது. "பைய மறுபக்கம் திருப்பிப் போடுலே. அங்கன இருப்பா." மாரிராஜ் பொத்தானைத் தொடவில்லை. "அங்கன ஜூலு கெடக்குக்கா."