புல்லேவுக்கு ஓர் அறை

"இந்த நிமிஷத்துலேர்ந்து எனக்குக் கண்ணு தெரியாது" என்று அறிவித்துவிட்டு, ஸ்டெல்லான் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

காரின் பின்னிருக்கையில் பிள்ளைகள் இருவரும் கைதட்டினார்கள். நடுவில் குந்தியிருந்த புல்லே என்ற கொழுத்த லாப்ரடார் நாயும் தன் பங்குக்கு வாலை ஆட்டியது.

"கண்ணு மட்டுமா? மூளையும்தான்" என்றாள் மனைவி மாலின். "மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவே?"

"இது பத்தாவது ஹோட்டல், மாலின். நாய் தங்கற அறையெல்லாம் பிப்ரவரியிலயே போயிடுச்சாம். மத்த அறைக்குள்ள நாய் முடி ஒண்ணுகூட விழக் கூடாதாம், அலர்ஜிக்காரங்க வருவாங்களாம். ஆனா இங்க கண்ணு தெரியாதவங்களோட வழிகாட்டி நாய்க்குன்னு ஒரு அறை தனியா வெச்சிருக்காங்க. போன ஹோட்டல்காரிதான் சொன்னா. இதுவும் வேணாம்னா சொல்லு, இப்படியே நம்ம ஊரு கார்ல்ஸ்டாடுக்கு வண்டியத் திருப்பறேன்."

"நான் வர மாட்டேன்!" என்று அலறினான் ஐந்து வயது விதார். அவர்கள் பார்க்க வந்திருந்த கேளிக்கைப் பூங்காவின் பெரிய ராட்டினத்தில் ஏறத் தேவையான உயரத்தை எட்டுவதற்காகவே ஓராண்டு காலம் முகம் சுளிக்காமல் மீனெண்ணெய் குடித்தவன் அவன்.

"புல்லேயக் காப்பகத்துல விட்டீங்கன்னா நானும் அங்கயே தங்கிடுவேன்" என்றாள் ஒன்பது வயது துவா. சென்ற கோடையில் நாய்க் காப்பகத்தில் விட்டபோது புல்லே நான்கு நாள் பட்டினி கிடந்தது. சேதி தெரிந்ததும் இவளும் தட்டைத் தள்ளிவிட்டாள்.

மாலின் அடங்கிப்போனாள். நல்ல காரணம் ஒன்று கையில் இருந்துவிட்டால், எத்தனை பெரிய பொய்யையும் மனிதன் தலைநிமிர்ந்து சொல்லிவிடுகிறான்.

விதார் பாலர் பள்ளிச் சுற்றுலாவில் அணியும் மஞ்சள் மேற்சட்டை, வழிகாட்டி நாயின் சீருடையாகப் புல்லேயின் உடம்பில் ஏற்றப்பட்டது.

வரவேற்பு மேசையில் இருந்த திந்த்ரா என்ற இளம்பெண் நாயை மேலும் கீழும் பார்த்தாள். அதன் முதுகில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தாள். 'நான் தொலைந்துபோனால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.'

"இது... வழிகாட்டி நாய்ங்களா?"

"ஆமா. நல்ல அனுபவசாலி."

அந்த அனுபவசாலி அப்போது காபி மேசைமேல் முன்னங்கால்களை ஊன்றி, ஏலக்காய் ரொட்டி ஒன்றை முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தது.

"வேலை நேரத்துல இப்படி..."

"காபி இடைவேளைங்க" என்றான் ஸ்டெல்லான். "அதுல கை வெச்சா தொழிற்சங்கம் சும்மா விடாது."

மேசை மறைவில் மாலின் அவன் காலை மிதித்தாள். கண் தெரியாதவருக்கு நாய் தின்பது எப்படித் தெரிந்தது என்று திந்த்ரா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒருவரின் உடற்குறையைத் துருவிக் கேட்பதைச் சுவீடன்காரர்கள் திருட்டைவிடக் கேவலமாக நினைப்பார்கள். ஸ்டெல்லானும் சுவீடன்காரன்தான்; அது அவனுக்குத் தெரியும்.

"மன்னிச்சுக்கங்க. வழிகாட்டி நாய்க்குன்னு இருக்கற ஒரே அறையிலயும் ஆள் இருக்காங்க."

ஸ்டெல்லான் குரலை உயர்த்தினான். "கண்ணு தெரியாதவன் ரெண்டு குழந்தைங்கள வெச்சுக்கிட்டு எங்கங்க போவேன்? இவங்க முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை!"

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். விதார் தேம்பி அழுதான். அங்கே நடந்தவற்றில் அந்த அழுகை ஒன்றுதான் நிஜம்.

"கொஞ்சம் உக்காருங்க" என்றாள் திந்த்ரா.

முக்கால் மணி நேரத்தில் சாவி வந்துவிட்டது.

அறைக்கதவு மூடியதும் ஸ்டெல்லான் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். பிள்ளைகள் மெத்தையில் ஏறிக் குதித்தார்கள். புல்லே தலையணையைக் கைப்பற்றியது.

"எப்படி என் நடிப்பு?"

"கேவலமா இருந்துச்சு" என்றாள் மாலின். சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

"யாரு வயித்துல அடிச்சோம், சொல்லு? ஒரு அறை எடுத்தோம். இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

கதவு தட்டப்பட்டது. பதறிப்போய்க் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டான்.

திந்த்ரா நின்றிருந்தாள். கையில் நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம்.

"அந்தம்மா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க. மறந்தே போயிட்டேன்."

"எந்தம்மா?"

"இந்த அறையில இருந்தவங்க. உல்லா-பிரித்னு பேரு. அவங்களுக்கும் கண்ணு தெரியாது. நீங்க பேசினப்ப பக்கத்துலதான் காபி குடிச்சிட்டிருந்தாங்க. பூங்காவுல இன்னிக்கு ராத்திரி நடக்கற கச்சேரியைக் கேக்கத்தான் வந்தாங்க. 'கச்சேரி அடுத்த வருஷமும் நடக்கும், குழந்தைங்க இதே வயசுல இருக்க மாட்டாங்களே'ன்னு சொல்லிட்டு, பெட்டியை எடுத்துக்கிட்டு, நாயையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்க. இந்நேரம் ரயில் கிளம்பியிருக்கும்."

மெத்தையில் குதிப்பு நின்றது. மாலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டெல்லானின் கை கண்ணாடிவரை போயிற்று. கழற்றத் துணிவில்லாமல் அங்கேயே நின்றது.

"என்ன... சொல்லச் சொன்னாங்க?"

"குளியலறை வாசல்ல படி ஒண்ணு உசரமா இருக்காம். 'ரெண்டு நாளா அதுல இடிச்சு இடிச்சு என் கால்விரல் வீங்கிப்போச்சு. பாவம், அவருக்கும் அடிபடப்போகுது, மொதல்லயே சொல்லிடும்மா'ன்னாங்க."