நுரை வேண்டாம்

ஹைதரின் உள்ளங்கையில் புட்டி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து வெகு நேரமாகிவிட்டது. சில்லென்று இருந்த கண்ணாடி அறையின் சூட்டுக்கு வந்திருந்தது. உள்ளே வெள்ளைப் பொடி. அதன்மேல் இப்போதுதான் இறங்கிய தண்ணீர்.

"இன்னிக்கு நீங்க கலக்குங்க, அத்தா. நான் தொட மாட்டேன்."

சொல்லிவிட்டு மகள் நூருல் எதிரே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று சாயங்காலம் பல் டாக்டரிடம் போக வேண்டும். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் இந்த மருந்து உடம்பில் ஏறியிருக்க வேண்டும். ரத்தத்தை உறைய வைக்கிற சத்துகளில் ஒன்பதாம் நம்பர் இந்த வீட்டு ரத்தத்தில் குறைவு. மருந்து இல்லாமல் பிடுங்கினால் பல் வந்துவிடும், ரத்தம் நிற்காது.

இருப்பது இந்த ஒரு புட்டி. பாழாக்கினால் இன்றைக்கு வேறு கிடையாது.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பாயான் பாருவின் அடுக்குமாடி வீட்டுக்குள் பிற்பகல் வெயில் மஞ்சளாகப் படுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கி முடிக்கிற எண்ணமே அதற்கு இல்லை போலிருந்தது.

ஹைதர் தேத்தண்ணீர் ஆற்றுகிறவர். உயர இழுத்து நுரைக்க வைக்கும் அவருடைய தே தாரிக்குக்காகவே ஜுருவிலிருந்து பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. இடது முழங்கை அவருக்கு முழுதாக நீளாது. மருந்து கிடைக்காத சின்ன வயதில் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து அப்படியே இறுகிப் போனது. மற்றவர்கள் ஆள் உயரத்துக்கு இழுக்கும் தேத்தண்ணீரை அவர் அரை உயரத்துக்குத்தான் இழுப்பார். நுரை மட்டும் யாருக்கும் குறையாமல் குவளைக்கு மேலே எழுந்து நிற்கும்.

அந்தக் கைக்குப் பொறுமை என்றால் என்னவென்று தெரியாது. எதைக் கலக்கச் சொன்னாலும் நுரைக்க வைத்துவிட்டுத்தான் ஓயும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பழகுவதற்கு ஒரு பழைய புட்டியைக் கொடுத்தார்கள். ஒரே குலுக்கு. புட்டி நிறைய நுரை. சொல்லிக்கொடுத்த நர்ஸ் ஜெகதீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இது தே தாரிக் இல்ல லா! குலுக்கினா மருந்து கெட்டுடும். பச்சப் பிள்ளயத் தூங்க வைக்கிற மாதிரி சுத்துங்க."

அதுவரை அவர் புட்டியைத் தொட்டதே இல்லை. எத்தனையோ வருஷங்களாகக் கலக்குவது நூருல், ஊசி போடுவதும் நூருல். அவர் வேலை கையை நீட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பது மட்டும்தான். அத்தனை பெரிய மனிதருக்கு ஊசி என்றால் பயம். அதற்காக அவள் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். ஊசியை எடுத்ததும் கடைக்காரியாக மாறிவிடுவாள்.

"பாஸ், என்ன குடிக்கிறீங்க?"

"தே தாரிக், குராங் மானிஸ்" என்பார் ஹைதர். சீனி கம்மியாக. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். அவள் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

இப்போது புட்டி சுற்றியது. பொடியின் ஓரம் கரைந்தது. வெள்ளை ஒரு சுழியாக எழுந்து, கலைந்து, மறுபடி எழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும் போலிருந்தது.

மணிக்கட்டு ஒரு முறை துடித்தது. பழக்க தோஷம். ஹைதர் பல்லைக் கடித்து அதை அடக்கினார்.

ஒரே ஒரு குமிழி எழுந்து வந்தது. அவர் சுற்றுவதை நிறுத்தினார். அது கண்ணாடியோரம் ஒதுங்கி, தானாகவே உடைந்தது.

புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். துகள் இல்லை, கலங்கல் இல்லை. அதன் வழியாக விமானம் தெரிந்தது.

மருந்தை ஊசிக் குழலுக்குள் இழுத்தார். இரண்டு குட்டிச் சிறகு வைத்த ஊசியைப் பிரித்தார். கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டார்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

நூருல் துப்பட்டாவுக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, மேசைமீது நீட்டினாள்.

அவள் பிறந்தபோது, பொட்டப் பிள்ளைக்கு இந்த நோய் வராது, தப்பித்தது என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தவர் ஹைதர். "அத்தா ரத்தம் அப்படியே" என்று அவளைப் பார்த்து யாராவது சொன்னால், சொன்னவர் குவளையில் நுரை இன்னும் கொஞ்சம் உயரும். பல் பிடுங்குவதற்கு முன் அவளுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. அன்றிலிருந்து அவர் அந்தச் சொல்லைக் கேட்கப் பயந்தார்.

முதல் ஊசிகளை ஆஸ்பத்திரியில், டாக்டரின் கண் முன்னால் போட்டார்கள். உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் இந்தப் புட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் இதுதான் முதல் தடவை.

பட்டையைக் கட்டி, தோலைத் துடைத்து, காயும்வரை காத்திருந்தார். நரம்பு மெல்ல எழுந்து வந்தது. பொறுமையே தெரியாத அந்தக் கை அசையாமல் நின்றது.

"தங்கச்சி, என்ன குடிக்கிறீங்க?" என்றார் ஹைதர், கடைக்கு வருகிறவர்களைக் கேட்கிற குரலில்.

நூருல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"தே தாரிக், பாஸ். நுரை வேணாம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருந்தது.