அடிமரத்து அத்தி

"தோலைக் கறுப்பா வரைஞ்சிடாத யூஜி. கத்தரிக்காய் ஊதா. காம்புகிட்ட மட்டும் லேசா பச்சை கலந்திருக்கும்" என்றான் றோலண்ட் போனில்.

"உள்ள?"

"ரோசாச் சிவப்பு. பொடிப் பொடியா விதை. புட்டுப் பார்த்தா, மாதுளையும் கொய்யாவும் சண்டை போட்டு சமாதானமான மாதிரி இருக்கும்."

யூஜினா சிரித்துக்கொண்டே தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். அக்கரப்பத்தனை தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவள் வீட்டு மேசை முழுக்க ஒரே படம்: கொழுந்து பறிக்கும் பெண், உடம்பெல்லாம் காய்கறி. பீட்ரூட் சேலை, கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையில் முக்காடு, கரட் விரல்கள், மரத்தக்காளிக் கம்மல். முதுகுக் கூடை நிறைய அத்திப்பழம்.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், தன் சாப்பாட்டு அறைச் சுவருக்கு இந்தப் படத்தைக் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் மாதாமாதம் வேலை. இரண்டு வருடம் முடியட்டும் என்று காத்திராமல் றோலண்டை ஜோர்தானிலிருந்து வரச் சொல்லிவிடலாம். அவன் போய் ஏழு மாதம். நாலு மாதக் குழந்தையை அவன் இன்னும் கையில்கூட வாங்கவில்லை.

போனில் தேடினால் அத்திப்பழப் படம் ஆயிரம் வரும். ஆனால் பழத்தோட்டத்தில் வேலை செய்கிற புருஷன் வாயால் கேட்டு வரைவதில்தான் அவளுக்கு ஆசை.

"பின்னால மரமும் போடணும். எப்படிங்க காய்க்கும்?"

றோலண்ட் கொஞ்சம் யோசித்தான். "அடிமரத்துலேயே, கொத்துக் கொத்தா."

"நான் பொறந்த பூண்டுலோயா ஆத்தோரத்து அத்தி மரம் மாதிரியா?"

"அதே மாதிரிதான். புள்ள என்ன பண்றா?"

"அப்பா மாதிரியே. வேலை இருக்கிற நேரம் பார்த்துத் தூங்குறா. ஒரு தடவ வீடியோவுல வாங்களேன்."

"தோட்டத்துக்குள்ள வீடியோவுக்கு விட மாட்டாங்க யூஜி. வேலைக்குக் கூப்பிடுறாங்க, வைக்கிறேன்."

மறுநாள் ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர் பிரதாப் படத்தைத் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். மறுபடி தள்ளி நின்றார்.

"பழத்தப் பார்த்தா எடுத்துக் கடிக்கலாம் போல இருக்கு தங்கச்சி. மரம்தான் இடிக்குது. ஆறு வருஷம் ஜோர்தான்ல சமைச்சவன் நான். எங்க குசினிக்குப் பின்னாலேயே அத்தித் தோட்டம். அங்க கிளையில, இலைக்குப் பக்கத்துல, ஒண்ணு ரெண்டாத்தான் காய்க்கும். அடிமரத்துல கொத்தாத் தொங்குறது நம்ம ஊரு காட்டு அத்தி."

யூஜினா அடிமரத்துக் கொத்துகளை ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் சார், ஆத்தோரத்து மரத்த நெனச்சுக்கிட்டு வரைஞ்சுட்டேன்."

"அத மட்டும் மாத்திக் கொண்டாங்க. அடுத்த மாசம் மெனு அட்டைக்குப் படமும் நீங்கதான்."

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை படத்தை மடியிலிருந்து அவள் இறக்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மா, "கோவா முக்காடு நல்லா இருக்கே" என்று சொன்னதுகூட அவள் காதில் விழவில்லை.

சாயங்காலம் றோலண்ட் அழைத்தபோது குழந்தை அவள் தோளில் விழித்துக்கொண்டிருந்தது.

"படம் தேறிடுச்சுங்க. இனி மாசாமாசம் வேலை இருக்கு. மரத்த மட்டும் மாத்தணுமாம்."

"ஏன், மரத்துல என்ன தப்பாம்?"

"அத விடுங்க. நீங்க கெளம்பி வாங்க."

"நெனச்ச ஒடனே வர முடியுமா யூஜி? ஒப்பந்தம் முடியணும். விசா, டிக்கட்டு..."

"பெத்த புள்ளையப் பார்க்க விசா எதுக்குங்க? இப்ப எந்த ஊர்ல இருக்கீங்களோ, அங்கேருந்து நம்ம அட்டன் பஸ்ல ஏறுங்க. வந்தப்புறம் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"காச வாங்கின ஏஜென்சிக்காரன் ஏர்போர்ட்டுக்கே வரல யூஜி. ஏழு மாசமா கொழும்புல, புறக்கோட்டையில பழப்பெட்டிதான் இறக்குறேன்" என்றான் றோலண்ட். "ஆறு மணி பஸ்ஸப் புடிச்சிடுறேன்."