ஆடி இருபத்து நான்கு

"ஒம்போது நாள் தாண்டிடுச்சுங்களே சார்" என்றார் ஆடிட்டர் பானுமதி.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் அவர் ஆபீஸ். மூச்சு வாங்க ஏறிப்போன எங்களுக்கு உட்காரும் முன்பே கிடைத்த செய்தி இது.

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி, எங்கள் ஓய்வூதியப் பணத்தைத் தன் பங்குகளிலேயே போட்டு வைத்திருந்தது. நஷ்டத்தை மறைத்தது. பங்கு கவிழ்ந்தது. எட்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தோம். கடைசியில் சமரசமாகி, ஜூன் பத்தாம் தேதி பதினெட்டு லட்சம் என் பேங்க் கணக்குக்கு வந்தது.

அறுபது நாளுக்குள் அதை ஓய்வூதியக் கணக்கில் திரும்பப் போட்டால் வரி இல்லை. வெளியிலேயே இருந்தால் வருமானம், வரி உண்டு.

இதைச் சொல்லும் கடிதம் ஜூலைக் கடைசியில்தான் கைக்கு வந்தது. அறுபது நாளை நான் அன்றிலிருந்து எண்ணினேன். எண்ணியிருக்க வேண்டியது பணம் வந்த நாளிலிருந்து. கெடு ஆகஸ்ட் ஒன்பது, ஆடி இருபத்து நான்கு. நாங்கள் போனது ஆவணி இரண்டு.

வரி ஒன்றே முக்கால் லட்சம். பேத்தி காவியாவின் ஸ்கூல் ஃபீசுக்கென்று நான் மனதில் ஒதுக்கியிருந்த பணம்.

மனு போடலாம், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார் பானுமதி. கடிதம் வந்ததுமே ஏன் வரவில்லை என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி தீர்த்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க சொன்னேன். ஆடியில எதுலயும் கையெழுத்துப் போட வேணாம்னு."

இந்தக் காலத்திலுமா என்று பானுமதி சிரித்தார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பொய். அன்றைக்கே கிளம்பலாம் என்றவள் அவள். ஆவணி பிறக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்.

பானுமதி ஃபைலைப் புரட்டினார். வாரிசு என்ற இடத்தில் மகன் அருண்குமார் பெயர் இருக்கிறது, அப்படியே இருக்கட்டுமா என்றார்.

காவியா பெயரைப் போடச் சொன்னேன். அவள் அப்பாவின் பெயரை அவர் அடித்தார்.

போன ஆடியில் ஆஸ்பத்திரியில் அருண்குமாரின் ஆபரேஷன் தாளை என்னிடம் நீட்டினார்கள். ஆவணி பிறக்கட்டும் என்று தீர்த்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆடியாவது ஆவணியாவது என்று கையை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவன் வீடு திரும்பவில்லை.

இந்த ஒரு வருடத்தில் அவள் அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

வரித் தாள் என் முன்னால் வந்தது. தீர்த்தம்மாள் பேனாவின் மூடியைக் கழற்றி, என் கையில் கொடுத்தாள்.