துரை வீட்டுக் கல்யாணப் படம்

கிருஷ்ணஸ்வாமி ஐயங்காருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பெண் மாதக்கணக்கில் அழுதும் கலங்காத கண் அது.

“ஒரே தேசத்து மனுஷா நாலு வருஷம் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுண்டாளா?”

“ஆமாம்ப்பா. அமெரிக்காவிலே வடக்கத்திக்காராளும் தெற்கத்திக்காராளும். துரையோட ரெண்டு தாத்தாவும் எதிரெதிரா நின்னு சண்டை போட்டவா. சாப்பாடு வேற, பேச்சு வேற. ஆனா ஒருத்தர் பிள்ளைக்கு இன்னொருத்தர் பொண்ணைக் குடுத்துட்டா” என்றான் மகன் ஸம்பத்குமார்.

சென்னையில் தனக்கு மேலதிகாரியான அமெரிக்கத் துரையைக் கோயில் பார்க்க என்று திருவள்ளூருக்கு அவன் அழைத்து வந்ததே இதற்காகத்தான். தங்கை அரவிந்தவல்லிக்குப் பிடித்த பையன் தங்கமானவன், ரயில்வேயில் உத்தியோகம். ஒரே குறை, அவனும் ஐயங்கார்தான் என்றாலும் தென்கலை. ‘என் பொணத்தைத் தாண்டிண்டு போகட்டும்’ என்று வடகலை அப்பா முடித்துவிட்டார். அவளும் வேறு யாருக்கும் கழுத்தை நீட்டமாட்டேன் என்றுவிட்டாள்.

ஸம்பத் சொல்லி வைத்திருந்தபடி, துரை தன் பெற்றோரின் கல்யாணப் படத்தை எடுத்து நீட்டினார்.

“பேஷ்! ரத்தம் சிந்தினவாளே சம்பந்தியாயிட்டாளே! நாம என்னடான்னா ஆந்திரா, தமிழ்னு பங்கு பிரிச்சுண்டு நிக்கறோம். மகா பெரிய தேசம்டா அது!”

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அரவிந்தவல்லி பெருமாளை வேண்டிக்கொண்டு நின்றாள்.

“அப்போ நம்ம அரவிந்தம் விஷயம்…” என்று ஸம்பத் மெல்ல ஆரம்பித்தான்.

“இருடா.” ஐயங்கார் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “ஓரமா தட்டை ஏந்திண்டு கறுப்பா ஒருத்தர் நிக்கறாரே, இவர் எந்தப் பக்கத்துச் சம்பந்தி?”

“அவர் அந்தாத்து வேலைக்காரர்ப்பா. தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்கறவா.”

“அவாளும் அமெரிக்கக்காராதானே? அவாத்துப் பிள்ளைக்குத் துரை தன் பொண்ணைக் குடுப்பாரோ? கேளு.”

ஸம்பத் துரை பக்கம் திரும்பினான். வேறு வழியில்லாமல் கேட்டான். துரை முகம் சிவந்துபோய், எங்கள் ஊர்ச் சட்டமே அதற்கு இடம் கொடுக்காது என்று இங்கிலீஷில் முணுமுணுத்தார்.

“குடுப்பாராம்ப்பா” என்று தங்கைக்காக ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தான் ஸம்பத். பாவி மனுஷன் துரையின் தலையோ இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தது.

ஐயங்கார் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“பாத்தியோ, அவாளுக்கும் ஒரு தென்கலை உண்டு!”